மூன்று முருகன் மலைகளும் பிரபஞ்சத்தின் வடிவமும்

பிரபஞ்சத்தின் அகலம் 9300 கோடி ஒளியாண்டு என்று ஓர் எண் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் சுற்றி வருகிறது. எண்ணில் பிழையில்லை. அது எதனுடைய அகலம் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நம்மை நடுவில் வைத்து, எவ்வளவு தூரத்திலிருந்து ஒளி இதுவரை நம்மிடம் வந்து சேர்ந்திருக்க முடியுமோ அவ்வளவு தூரத்துக்கு ஒரு கோளம் போட்டால், அந்தக் கோளத்தின் குறுக்களவு அது. பிரபஞ்சமே அதற்குள் அடங்கிவிட்டது என்று எந்த வானியலாளரும் சொல்லவில்லை.

இது என்னை உறுத்துவதற்குக் காரணம் என் தொழில். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்தில் நிலம் அளப்பதுதான் பிழைப்பு. எஃப்எம்பி என்கிற புல வரைபட நகலையும், தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியையும் தூக்கிக்கொண்டு காடு காடாகப் போகிற ஆள் நான். எங்கள் சீமையில் எல்லை என்பது லேசான சமாச்சாரம் இல்லை. ஒரு முழ வரப்புக்காகப் பங்காளிகள் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவர் போகாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் யார் ஓர் அளவைச் சொன்னாலும் எங்கிருந்து எதுவரைக்கும், எதை வைத்து அளந்தது, எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்று கேட்காமல் மனசு ஆறாது. வானத்தை அளந்தவர்களும் இதையே விடாமல் கேட்டவர்கள்தான். அவர்கள் கண்டுபிடித்ததைவிட, அதை எதுவரைக்கும் சொல்லலாம் என்று அவர்கள் கட்டுப்பாடாக நின்ற இடம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் அந்த 9300 கோடியைப் பார்த்துவிடுவோம். பாதியாக்கினால் 4650 கோடி ஒளியாண்டு. பிரபஞ்சத்தின் வயதோ 1380 கோடி ஆண்டுதான். ஒளி ஓர் ஆண்டில் ஓர் ஒளியாண்டு, அதாவது சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்தான் போகும். அப்படியிருக்க 1380 கோடி ஆண்டில் 4650 கோடி ஒளியாண்டுத் தொலைவை எப்படிப் பார்க்க முடிகிறது? ஒன்பதாவது படிக்கும் பிள்ளை கேட்கிற கேள்வி இது. பாதிப் பேர் இதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விடை ஒரு பெருக்கல் கணக்கில் இருக்கிறது. பிரபஞ்சம் தொடங்கி 3,80,000 ஆண்டு வரைக்கும் எங்கு பார்த்தாலும் கொதிக்கும் மூட்டம். எலக்ட்ரான்கள் அணுவுக்குள் அடங்காமல் அலைந்ததால் ஒளி அவற்றின்மேல் மோதி மோதித் திசை மாறிக்கொண்டிருந்தது, நேராக ஓட வழியில்லை. வெப்பம் 3000 கெல்வின் அளவுக்கு இறங்கியதும் எலக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு சேர்ந்தன, மூட்டம் தெளிந்தது, ஒளி கிளம்பியது. இன்றைக்கு நம்மிடம் வந்து சேர்கிற அந்த ஒளி, கிளம்பிய நேரத்தில் நம் இடத்திலிருந்து வெறும் 4.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில்தான் இருந்தது. ஆனால் நடுவில் இருந்த வெளி விரிந்துகொண்டே போனது. ஒளி முன்னேற முன்னேற, மீதித் தூரமும் நீண்டுகொண்டே வந்தது. வந்து சேர்வதற்குள் வெளி சுமார் 1090 மடங்கு விரிந்துவிட்டது. 4.2 கோடியை 1090ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 4600 கோடி. ஒளி கிளம்பிய அந்த இடம் இன்றைக்கு அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. மூட்டத்துக்கும் முந்தைய காலத்தையும் கணக்கில் சேர்த்தால் 4650. எதுவும் ஒளியை முந்தி ஓடவில்லை. ஓடுகிற தளமே நீண்டது.

அந்த ஒளி எங்கள் தலைமுறைக்கு அறிமுகமானதுதான். டிவி வந்த புதிதில் ஓட்டுமேல் ஏறி ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்புவோம். கீழே இருந்து "இப்ப தெரீதுங்களா?" என்று ஒரு குரல், "இன்னுங் கொஞ்சம் கெழக்கால திருப்புங்ணா" என்று ஒரு குரல். நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும், இரைச்சல் காதை அடைக்கும். அந்தப் புள்ளிகளில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு அந்தப் பழைய ஒளிதான். விரிந்து விரிந்து அலைநீளம் கூடி, இப்போது மைக்ரோ அலையாக, 2.725 கெல்வின் குளிரில் எங்கும் நிரம்பியிருக்கிறது. நம் முன்னால் இருக்கும் காற்றில் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அதன் துகள்கள் 400க்கு மேல் எந்நேரமும் இருக்கின்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1964இல் ஒரு கொம்பு ஆண்டெனாவில் இந்த இரைச்சலைப் பிடித்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும், பகலிலும் இரவிலும், எல்லா மாதத்திலும் ஒரே அளவு இரைச்சல். புறாக்கள் உள்ளே கட்டியிருந்த கூட்டைக்கூட அகற்றிப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. 1978இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நமக்குத் தெரியும் எல்லையின் கடைசிச் சுவர் இந்த ஒளிதான். அதற்கு முந்தைய காலத்தை ஒளியால் பார்க்க முடியாது.

ஒரு தை மாதம், வெள்ளகோவில் பக்கம் ஒரு கொறங்காட்டை அளந்து முடிக்கையில் பொழுது விழுந்துவிட்டது. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு, நடுவில் வெள்வேல மரங்கள், காய்ந்த கொழுக்கட்டைப் புல். அமாவாசையை ஒட்டிய நாள். தெற்கே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. வடமேற்கே ஆங்கில டபிள்யூ போல ஐந்து நட்சத்திரங்கள் கிடக்கும். அதன் கூரான பக்கம் காட்டுகிற திசையில் கொஞ்சம் மேலே போனால் ஒரு வெளிறிய தீற்றல் தெரியும். நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் மறுபடி வரும். அதுதான் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி, நம் பால்வீதி போலக் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். காட்டுக்காரப் பெரியம்மாவின் பேரனுக்கு அதைக் காட்டினேன். இந்த வெளிச்சம் அங்கேயிருந்து கிளம்பி 25 லட்சம் வருசம் ஆகிறது, வெறும் கண்ணுக்குச் சுலபமாகத் தெரிவதில் இதுதான் எட்டத்தில் இருப்பது என்றேன். பையனுக்குத் தெரிந்துவிட்டது. பெரியம்மாவுக்குக் கண் புரை, தெரியவில்லை. அவர் கேட்டார்:

"ஏஞ்சாமி, எங்க காட்டுக்கு நாலு மூலைக்கும் கல்லு நட்டுப்போட்டீங்கொ. அதுக்கு மூலை எங்கீங் இருக்குது? அந்தக் கடைசிக்கும் அக்கட்டால என்னங் இருக்குது?"

"அப்படி ஒரு கடைசி இருக்கிற மாதிரியே தெரியலீங் ஆத்தா" என்றேன்.

"கடைசி இல்லாம ஒண்ணு இருக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டு மாட்டைப் பிடிக்கப் போய்விட்டார்.

இதைவிட நேரான கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இதற்குப் பதில் தேடத்தான் இந்தக் கட்டுரையின் மீதி.

அந்தத் தீற்றல் எவ்வளவு தூரம் என்பதே நூறு வருடத்துக்கு முன்னால் சண்டை. 1920இல் வாஷிங்டனில் ஹார்லோ ஷாப்லி, ஹீபர் கர்டிஸ் என்ற இரண்டு வானியலாளர்கள் எதிரெதிரே நின்று வாதாடினார்கள். நம் பால்வீதியே முழுப் பிரபஞ்சம், அந்தத் தீற்றல்களெல்லாம் அதற்குள் இருக்கும் புகைமூட்டம் என்றார் ஷாப்லி. அவை தனித்தனிப் பால்வீதிகள் என்றார் கர்டிஸ். தீர்ப்பு சொல்ல அளவுகோல் வேண்டியிருந்தது. அதை முன்னமே செய்து வைத்திருந்தவர் ஹார்வர்டு வானாய்வகத்தில் கண்ணாடித் தகடுகளைப் பார்த்துக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்த ஹென்ரியெட்டா லெவிட். ஒருவகை நட்சத்திரங்கள் சீராக மங்கிப் பிரகாசிக்கும். அந்தச் சுற்று எவ்வளவு மெதுவாக நடக்கிறதோ அவ்வளவுக்கு அந்த நட்சத்திரம் உண்மையில் பிரகாசமானது என்று 25 நட்சத்திரங்களை வைத்து 1912இல் நிறுவினார். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். 1923இல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமீடாவில் அப்படி ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தார். ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள பால்வீதிக்கு வெகு வெளியே இருந்தது அது. அவர் போட்ட தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. பிறகு அளவுகோலைத் திருத்தியதும் 25 லட்சமானது. எண் இரண்டரை மடங்குக்கு மேல் மாறியும் முடிவு மாறவில்லை. அளப்பவர்களுக்கு இது பெரிய பாடம்: எந்த முடிவு எவ்வளவு பிழையைத் தாங்கும் என்று தெரிந்திருந்தால், பிழையோடும் உண்மையைச் சொல்லலாம்.

விரிவு 1929இல் ஹபிள் வெளியிட்ட தூரங்களில் தெரிந்தது. ஜார்ஜ் லெமாய்த்ர் அதை 1927லேயே கணக்கில் சொல்லிவிட்டிருந்தார். எட்ட இருக்கும் கேலக்ஸி எட்டத்துக்குத் தகுந்தபடி வேகமாக விலகுகிறது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை, நீட்டவில்லை.

நம் பக்கத்தில் நடந்த கதைதான் அதிகம் பேருக்குத் தெரியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி ஊட்டி போகிறவர்கள் தாவரவியல் பூங்காவையும் படகு இல்லத்தையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஊட்டிக்குப் பக்கத்திலேயே முத்தோரையில், உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிற சரிவுகளுக்கு நடுவே, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு ரேடியோ தொலைநோக்கி கிடக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இங்கேயே வடிவமைத்து, இங்கேயே செய்து, 1970இல் முடித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வரிசையாக இரும்புச் சட்டங்கள் நிற்பதாகத்தான் தோன்றும். மொத்தம் 24 வளைவுச் சட்டங்கள். அவற்றின்மேல் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் 1100, ஒன்றையொன்று தொடாமல், அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும். ரேடியோ அலைக்கு அந்தக் கம்பிகளே கண்ணாடி.

அது ஏன் அந்தச் சரிவில் இருக்கிறது என்பதுதான் என்னைப்போன்ற ஆளுக்குப் பரவசம். நம் ஊர்கள் இருப்பது சுமார் 11 டிகிரி வட அட்சத்தில். அதனால் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி மடக்கி அடிவானத்தின்மேல் வைத்தால் ஏறக்குறைய அவ்வளவு உயரம். பூமியின் அச்சு அந்தத் திசையில்தான் நீளுகிறது. வடக்கு நோக்கி 11 டிகிரி ஏறுகிற ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் தொலைநோக்கியைக் கிடத்தினால், அதன் நீளம் பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு ஒரே அச்சில் கிழக்கிலிருந்து மேற்காகப் புரட்டினால் போதும். ஒரு வானப் பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். கோடிக்கணக்கில் செலவு செய்து கட்ட வேண்டிய சாய்மானத்தை அந்த மலை சும்மா கொடுத்தது. சரிவு பார்த்து இடம் தேர்ந்தெடுத்த அந்த ஆட்களை நினைத்தால் எனக்கு இன்னமும் மரியாதை பொங்குகிறது.

அதை வைத்து அவர்கள் செய்த அளவை இன்னும் அழகு. ரேடியோ அலைகளை வீசும் எட்டத்துக் கேலக்ஸிகள் வானத்தில் எவ்வளவு அகலம் தெரிகின்றன என்று நேரடியாகப் பார்க்க அந்தத் தொலைநோக்கியின் கூர்மை போதாது. ஆகவே நிலாவைப் பயன்படுத்தினார்கள். நிலா ஒரு கேலக்ஸியை மறைக்கும்போது அதன் ஓரம் அந்தக் கேலக்ஸியைச் சீவிக்கொண்டே போகும். சிக்னல் சட்டென்று அறுந்தால் பொருள் சிறியது. மெதுவாகத் தேய்ந்தால் அகலமானது. நிலாவின் ஓட்டம் துல்லியமாகத் தெரியும் என்பதால் மறையும் நேரத்தை வைத்து விநாடிக் கோணம், அதாவது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு, வரைக்கும் அகலத்தை எடுத்துவிடலாம். இப்படி நூற்றுக்கணக்கில் அளந்தார்கள். 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவு: சிக்னல் மங்க மங்கக் கோண அகலமும் குறைந்துகொண்டே போகிறது, அதுவும் மாறாத பிரபஞ்சத்தில் எதிர்பார்க்க முடியாத விதத்தில். பழைய காலத்துக் கேலக்ஸிகள் இந்தக் காலத்தவை போல இல்லை என்று பொருள். 1948இல் ஃபிரெட் ஹாயிலும் ஹெர்மன் பாண்டியும் தாமஸ் கோல்டும் முன்வைத்த கொள்கைப்படி பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி, தொடக்கமே கிடையாது. மைக்ரோ அலை இரைச்சல் ஏற்கனவே அதை ஆட்டிவிட்டிருந்தது. முத்தோரையிலிருந்து வேறொரு பாதையில் இன்னொரு சாட்சி வந்தது. தொடக்கம் இருந்தால்தான் வயது. வயது இருந்தால்தான் நம் பார்வைக்கு இந்த 4650 கோடி எல்லை. நம் மலையில் அளந்த கணக்கு அந்த எல்லைக்கல்லுக்குக் கீழே கிடக்கிறது.

சரி, எல்லைக்கு அக்கட்டால?

இதை நம் மண்ணில் முன்னமே யோசித்தவர்கள் உண்டு. பெருந்துறைப் பக்கம் விஜயமங்கலத்தில் சந்திரபிரப தீர்த்தங்கரருக்குப் பழைய சமணக் கோயில் இருக்கிறது. கொங்கில் சமணம் செழித்திருந்த காலத்தின் சாட்சி. சமணர் கணக்கில் உலகம் முடிவுள்ளது, அதற்குத் திட்டமான வடிவம் உண்டு: கால்களை அகற்றி, கைகளை இடுப்பில் ஊன்றி நிற்கும் மனித உருவம், உயரம் 14 ரஜ்ஜு (ரஜ்ஜு என்பது அவர்களுடைய பேரளவு). அதற்கு வெளியே முடிவில்லாத வெறும் வெளி. அங்கே எதுவும் அசைய முடியாது, ஏனென்றால் அசைவுக்குத் துணை நிற்கும் தத்துவம் உலகத்துக்குள் மட்டும்தான் இருக்கிறது. கடைசி வரைக்கும் போய்க் கையை நீட்டினால் என்ன ஆகும் என்கிற கேள்விக்கு இதைவிட யோசித்த பதிலை அந்தக் காலத்தில் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அளவை வழியே வந்த இன்றைய பதில் வேறு. 4650 கோடியில் வேலி எதுவும் இல்லை. அங்கே ஒருவர் இருந்தால் அவரைச் சுற்றியும் கேலக்ஸிகள், அவருக்கும் நாலாபக்கமும் 4650 கோடி. அவருடைய பார்வையின் ஒரு விளிம்பில் நாம் இருப்போம். அவரை நோக்கி வருவது நாம் பிறப்பதற்கு முந்தைய மூட்டத்தின் ஒளி. பார்வை நிற்பது இடம் தீர்ந்ததால் அல்ல. நேரம் இன்னும் போதவில்லை, அவ்வளவுதான்.

இனி வடிவம். உள்ளேயே இருந்துகொண்டு, வெளியே போய்த் திரும்பிப் பார்க்காமல், ஒன்றின் வடிவத்தை எப்படிச் சொல்வது? நில அளவைக்காரனுக்கு இதற்கு விடை தெரியும்: முக்கோணம் போடு.

மருதமலை, பழனி, சென்னிமலை. மூன்றும் முருகன் மலைகள். மூன்றையும் கோட்டால் இணைத்தால் பக்கங்கள் 80 முதல் 100 கிலோமீட்டர் வரை வரும். நடுவில் எதுவும் மறைக்காது என்று வைத்துக்கொண்டு, கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை மூன்று மலைமேலும் வைத்து மூன்று கோணங்களையும் எடுத்துக் கூட்டினால் 180 டிகிரி வராது. சுமார் 16 விநாடி கூடுதலாக வரும். ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டால் அதில் 16 பங்கு. அந்தக் கூடுதல்தான் பூமி உருண்டை என்பதற்குச் சாட்சி. ராக்கெட்டில் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. கொங்கு நாட்டை விட்டு வெளியே போகாமலே பூமியின் வளைவை எடுத்துவிடலாம்.

இதை உண்மையிலேயே செய்தார்கள். வில்லியம் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு, அதாவது முக்கோணங்களுக்கு அடிப்படையான முதல் கோடு, அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை, அடுத்த சில ஆண்டுகளில் பெங்களூரிலிருந்து தெற்கே இறங்கிக் கோயம்புத்தூர்ச் சீமை வழியாகக் குமரி முனையை நோக்கிப் போனது. அவருடைய தியோடலைட் அரை டன் எடை. நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையைக் கணித்த அவருடைய நிலையங்களில் ஒன்று கோவைப் பக்கத்துப் பச்சாபாளையம், 11 டிகிரிக்கு ஒரு துளி தெற்கே. அவருக்குப் பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த முக்கோணச் சங்கிலியை இமயத்தின் அடிவாரம் வரைக்கும், சுமார் 2400 கிலோமீட்டருக்கு, கொண்டுபோய் 1841இல் முடித்தார். பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று அந்த அளவுகள் சொல்லின.

பிரபஞ்சத்துக்கும் இதே முக்கோணம்தான். ஒரு மூலையில் நாம். மற்ற இரண்டு மூலைகளுக்குத்தான் எட்டத்தில் நீளம் தெரிந்த ஓர் அளவுகோல் வேண்டும். அந்த ஆதி மூட்டமே அதைக் கொடுத்தது. அதில் அழுத்த அலைகள், அதாவது ஒலி, ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேலான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மூட்டம் தெளிந்த கணத்தில் அவை எதுவரைக்கும் ஓடியிருந்தனவோ அங்கேயே உறைந்து நின்றுவிட்டன. அந்தத் தூரம், நடுவில் வெளி விரிந்ததையும் சேர்த்து, சுமார் 4.4 லட்சம் ஒளியாண்டு. இயற்பியல் கணக்கிலிருந்து நேராக வரும் எண் இது. 4.2 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் 4.4 லட்சம் ஒளியாண்டு நீளமுள்ள கோல், வெளி வளையாமல் இருந்தால், சுமார் 0.6 டிகிரி அகலம் தெரிய வேண்டும். முழுநிலாவின் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. வெளி பூமியின் மேற்பரப்பு மாதிரி வளைந்திருந்தால் அகலம் கூடித் தெரியும். எதிர்ப்பக்கமாக வளைந்திருந்தால் குறைந்து தெரியும்.

1998 டிசம்பரில் அண்டார்டிகாவின்மேல் பலூனில் பறந்த பூமராங் கருவியின் முடிவுகள் 2000இல் வந்தன. 2009இல் ஐரோப்பியர் ஏவிய பிளாங்க் விண்கலத்தின் கடைசி முடிவுகள் 2018இல் வந்தன. தெரிந்தது 0.6 டிகிரிதான். கேலக்ஸி வரைபடங்களோடு சேர்த்துப் பார்த்தால், வளைவு இருந்தாலும் அது ஆயிரத்தில் இரண்டு பங்கு போன்ற அளவுக்குள் அடங்கிவிடும். மூன்று கோணத்தையும் கூட்டினால் சரியாக 180தான் வருகிறது. வெளி தட்டை.

இந்த இடத்தில்தான் பலர் தாவிவிடுகிறார்கள்: தட்டை என்றால் முடிவில்லாதது, ஆகவே பிரபஞ்சம் முடிவிலி என்று நிரூபணமாகிவிட்டது என்று எழுதுகிறார்கள். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நான் மூன்று ஏக்கர் காட்டை அளக்கும்போது பூமியின் வளைவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அந்த அளவில் கோணக் கூடுதல் எந்தக் கருவிக்கும் சிக்காது. காடு சுத்தமான தட்டை. அதனால் பூமி தட்டையாகிவிடுமா? தட்டை என்பது அளந்த பகுதியைப் பற்றிய செய்தி, அதுவும் கருவியின் பிழை வரம்புக்கு உட்பட்ட செய்தி. பிரபஞ்சம் ஒருவேளை மூடிய வளைவாக இருந்தால், அதன் வளைவின் ஆரம் நம் பார்வை எல்லையைப் போலப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். பிளாங்க் நமக்குச் சொல்வது அவ்வளவுதான். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் முடிவிலி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. ஆலன் குத் 1981இல் வெளியிட்ட உப்பல் கொள்கை சரியாக இருந்தால், முதல் கணத்தின் மிகச் சிறு பகுதிக்குள்ளேயே வெளி தாறுமாறாகப் பெருத்திருக்கும், நாம் பார்ப்பது முழுமையின் ஒரு மூலைத் துண்டாக இருக்கும். தட்டையாகத் தெரிவதும் இயல்பாகிவிடும்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. தட்டையாக இருந்தபடியே முடிவுள்ளதாகவும் இருக்கலாம், வேலி எதுவும் இல்லாமலே. கிழக்கே நேராகப் போய்க்கொண்டே இருந்தால் கிளம்பிய இடத்துக்கே மேற்கிலிருந்து வந்து சேர்கிற வெளியைக் கணிதம் அனுமதிக்கிறது. வடக்கு தெற்குக்கும், மேல் கீழுக்கும் அப்படியே. முக்கோணத்தின் கோணங்கள் எங்கு போட்டாலும் 180தான்; ஆனால் கன அளவு முடிவுள்ளது. "கடைசி இல்லாம ஒண்ணு இருக்குமுங்களா" என்று கேட்ட பெரியம்மாவுக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இதுதான். அளவுக்கு ஒரு முடிவு இருந்தும் மூலை இல்லாமல் இருக்கலாம். கல் நட இடமே கிடைக்காது.

இதையும் சும்மா விடவில்லை, அளந்து பார்த்தார்கள். வெளி அப்படிச் சுற்றி வந்து, அந்தச் சுற்று நம் பார்வை எல்லையைவிடச் சிறியதாக இருந்தால், ஆதி ஒளியின் வரைபடத்தில் எதிரெதிர்த் திசைகளில் ஒரே மாதிரி சூடு குளிர்ப் புள்ளிகள் கொண்ட வட்டங்கள் ஜோடி ஜோடியாகத் தெரிய வேண்டும் என்று நீல் கார்னிஷ், டேவிட் ஸ்பெர்கல், கிளென் ஸ்டார்க்மன் மூவரும் 1998இல் சொன்னார்கள். 2003இல் ஜான் பியேர் லூமினேயும் கூட்டாளிகளும் பிரபஞ்சம் பன்னிரண்டு ஐங்கோண முகங்களைக்கொண்ட ஒரு வெளியாக, எதிர் முகங்கள் ஒன்றோடொன்று இணைந்ததாக இருக்கலாம் என்று எழுதினார்கள். ஆசையைக் கிளப்பிய யோசனை. தேடினார்கள். ஜோடி வட்டங்கள் கிடைக்கவில்லை. ஆகவே சுற்று இருந்தால் அது நாம் பார்க்கும் அளவைவிடப் பெரியது. மறுபடியும் அதே இடம்: இவ்வளவுக்குக் குறையாது என்று சொல்லலாம், இவ்வளவுதான் என்று சொல்ல முடியாது.

இந்த எல்லைகளில் எனக்கு உறக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. 1998இல் இரண்டு குழுக்கள் எட்டத்து சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை, அளந்து, விரிவு மெதுவாவதற்குப் பதிலாக வேகமெடுக்கிறது என்று கண்டன. 2011இல் நோபல் வந்தது. இந்த வேகம் இப்படியே தொடர்ந்தால், இன்றைக்கு சுமார் 1650 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் எந்தக் கேலக்ஸியிலிருந்தும் இப்போது கிளம்பும் ஒளி, எவ்வளவு காலம் காத்திருந்தாலும், இங்கே வந்து சேராது. அவற்றின் பழைய ஒளியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் பார்வைக்குள் இருக்கும் இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் இப்படிக் கைவிட்டுப் போனது. பார்க்கலாம், போக முடியாது, சேதி அனுப்ப முடியாது. நேரம் போகப் போக இந்த எல்லையைத் தாண்டிப் போகிற கேலக்ஸிகள் கூடிக்கொண்டே இருக்கின்றன.

ஆனால் இந்த எண் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: விரிவை இப்படி வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றலின் அடர்த்தி காலத்தோடு மாறாது என்பது. அரிசோனாவின் கிட் பீக் மலையில் 5000 ஒளியிழைகளை ரோபோக்கள் திருப்பித் திருப்பிக் கேலக்ஸிகளின் ஒளியைப் பிடிக்கிற டெசி என்ற கருவி, கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி கேலக்ஸிகளையும், மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்களான குவாசார்களையும் வைத்து 2025 மார்ச்சில் தந்த முடிவுகளில், அந்த ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகிறதோ என்று ஒரு தடயம் இருக்கிறது. அதே ஒலி அளவுகோலைத்தான், கேலக்ஸிகளின் இடைவெளியில் பதிந்திருக்கும் வடிவத்தில், அவர்களும் பயன்படுத்துகிறார்கள். எந்த சூப்பர்நோவாத் தொகுப்போடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துத் தடயத்தின் பலம் கூடுகிறது, குறைகிறது; கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் வரம்பை அது தொடவில்லை. அறிவிக்காமல் இருக்கிறார்கள், இன்னும் அளக்கிறார்கள். ஆற்றல் பலவீனமாகிறது என்பது உறுதியானால், 1650 கோடியில் நாம் நட்ட கல்லைப் பிடுங்கி இன்னும் தள்ளி நட வேண்டியிருக்கும். இன்றைக்குக் கைவிட்டுப் போனவை என்று கணக்கெழுதிய கேலக்ஸிகளில் சில திரும்பக் கணக்குக்குள் வரும்.